சார்லஸ் டோனவன்

சார்லஸ் டோனவன் (செப்டம்பர் 19, 1863 - அக்டோபர் 29, 1951) சென்னையில் பணியாற்றிய அயர்லாந்து மருத்துவர் ஆவார். கருங்காய்ச்சல் எனப்படும் காலா அசார் நோயின் ஒட்டுண்ணியைக் கண்டறிந்த இருவருள் இவர் ஒருவர்.

வாழ்க்கை

கல்கத்தாவில் நீதிபதி ஒருவரின் மகனாகப் பிறந்தார். அயர்லாந்தில் மருத்துவம் பயின்று, 1891 இல் இந்திய மருத்துவப் பணியில் சேர்ந்தார். சென்னை மருத்துவக் கல்லூரியில் பேராசிரியராகவும், அரசுப் பொது மருத்துவமனையில் மருத்துவராகவும் விளங்கினார். வண்ணத்துப்பூச்சிகளில் பெரும் ஈடுபாடு கொண்டிருந்தார். 1919 இல் ஓய்வு பெற்று, இங்கிலாந்தில் காலமானார்.

ஒட்டுண்ணியும் பெயரும்

டம்டம் காய்ச்சலால் இறந்த ஒரு படைவீரரின் மண்ணீரலில் தாம் கண்ட நுண்ணிய முட்டை வடிவ உருக்களைப் பற்றி வில்லியம் லீஷ்மன் 1903 மே மாதம் கட்டுரை வெளியிட்டார். சிதைந்த டிரிப்பனோசோம்கள் என அவற்றை அவர் கருதினார். அத்தகைய உருக்களைச் சென்னையில் பிணக்கூறாய்வுகளின்போது டோனவன் ஏற்கனவே கண்டிருந்தார். ஜூன் மாதத்தில் உயிருடன் இருந்த ஒரு சிறுவனின் மண்ணீரலிலிருந்து ஊசி மூலம் எடுத்த குருதியிலும் அவற்றைக் கண்டார். எனவே அவை இறப்புக்குப் பின் தோன்றும் சிதைவுகள் அல்ல என்பது தெளிவாயிற்று. இதுவே இவரது முதன்மையான பங்களிப்பு எனலாம்.

இவர் அனுப்பிய கண்ணாடித் தகடுகளை ஆராய்ந்த லாவரானும் மெனிலும் ஒட்டுண்ணியைத் தவறான பேரினத்தில் சேர்த்து, டோனவனின் பெயரை மட்டும் சூட்டினர். கண்டுபிடிப்பின் உரிமை குறித்துப் பிணக்கு எழுந்தது. அதே ஆண்டு நவம்பரில் ரொனால்ட் ராஸ், லீஷ்மேனியா டோனவானி எனப் பெயரிட்டு இருவரையும் அதில் இணைத்தார்.

1905 இல் கவட்டுப் பகுதியில் தோன்றும் ஒருவகைப் புண்ணிலும் டோனவன் சில உருக்களைக் கண்டார். அவற்றையும் ஒட்டுண்ணி என்றே எண்ணினார்; அவை பாக்டீரியா எனப் பின்னர் தெரியவந்தது. அந்நோய் டோனவனோசிஸ் எனப்படுகிறது.

தோல் நோயும் மரபணுச் சோதனையும்

லீஷ்மேனியா இனங்கள் பல. மணல் ஈக்கள் பரப்பும் இவற்றுள் சில தோலில் மட்டும் புண்ணை உண்டாக்க, டோனவானி மண்ணீரலையும் கல்லீரலையும் தாக்கி உயிரைப் பறிக்கவல்லது. டோனவன் பயன்படுத்திய நுண்ணோக்கியில் இவை அனைத்தும் ஒன்றுபோலவே தோன்றும். ஆகவே இனத்தைப் பிரித்தறிய நொதிகளின் வேறுபாடுகளும், பின்னர் பிசிஆர் முறையில் பெருக்கப்படும் டிஎன்ஏவும் பயன்பட்டன. இலங்கையில் பரவிய தோல் புண்களை இவ்வாறு ஆராய்ந்தபோது, அவற்றுக்குக் காரணம் தோல் நோய்க்குப் பெயர்பெற்ற மேஜரோ டிராபிகாவோ அன்று, டோனவானியே என 2003 இல் அறிவிக்கப்பட்டது. அங்கு நோயாளிகளுள் பெரும்பாலோரிடம் இவ்வொட்டுண்ணி தோலைத் தாண்டிச் செல்வதில்லை என்பது குறிப்பிடத்தக்கது.