பெயர் பிடிக்காதவரின் பெயரில் ஒரு மொழி

ஹாஸ்கெல் கறி. பெயரைக் கேட்டால் சமையலறை நினைவுக்கு வரும். ஆனால் அவர் ஒரு தருக்கவியலாளர். தகவல் தொழில்நுட்பம் கற்கும் எனக்கு அவரது வாழ்க்கை மிகவும் பிடித்துப்போனது.

1900 செப்டெம்பர் 12ஆம் திகதி ஐக்கிய அமெரிக்காவின் மில்லிஸ் என்ற ஊரில் பிறந்தார். வைத்தியராகும் எண்ணத்தோடு ஹாவார்ட் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, கணிதத்துக்கு மாறினார். பின்னர் மின்பொறியியலையும் பௌதிகவியலையும் கற்று, மீண்டும் கணிதத்துக்கே வந்தார். எந்தத் துறைக்குப் போவது என்று தடுமாறும் எங்களுக்கு இது ஆறுதல்தான்.

சார்புகளை ஒன்றோடொன்று இணைத்தே தருக்கத்தைக் கட்டியெழுப்பலாம் என்பது அவரது ஆய்வு. 1927இல் ஒரு கட்டுரை அவர் கண்ணில் பட்டது. தாம் எண்ணியதை ரஷ்யரான மோசஸ் ஷோன்ஃபிங்கெல் 1924இலேயே வெளியிட்டிருந்தார். கறி அதை மறைக்கவில்லை; மனமும் உடையவில்லை. அந்தச் சிந்தனை பிறந்த ஜேர்மனியின் கொட்டிங்கன் பல்கலைக்கழகத்துக்கே சென்று, அதை மேலும் வளர்த்து, 1930இல் கலாநிதிப் பட்டம் பெற்றார். பென்சில்வேனியாவில் நெடுங்காலம் கற்பித்து, 1982இல் மறைந்தார்.

தூய சார்புநிலைச் செய்நிரல் மொழிகளுக்கு அவரது ஆய்வும் ஓர் அத்திவாரம். அவற்றில் ஒரே உள்ளீட்டுக்கு எப்போதும் ஒரே வருவிளைவுதான். குறிகட்டுவானிலிருந்து எங்கள் நயினாதீவுக்கு ஒருவருக்கு 100 ரூபா கட்டணம் என்று வைத்துக்கொள்வோம். ஐந்து பேருக்கு 500 ரூபா. காற்றடித்தாலும் மழை பெய்தாலும் அந்தப் பெருக்கல் மாறாது. படகு வந்துசேரும் நேரமோ கடலைப் பொறுத்தது. தூய மொழிகள் இவ்விரண்டையும் கலக்கவிடுவதில்லை. ஒருமுறை கொடுத்த பெறுமானத்தை இடையில் மாற்றுவதுமில்லை. ஆகவே ஒவ்வொரு பகுதியையும் தனியே சோதித்து நம்பலாம். முதலில் கட்டணத்தை மட்டும் கொடுத்துவிட்டு, ஆட்களின் தொகையைப் பிறகு கொடுக்கவும் முடியும். இந்த உத்திக்குக் ‘கறியிங்’ என்று பெயர். இதையும் ஷோன்ஃபிங்கெல் முன்பே கையாண்டிருந்தார்.

1987இல் ஆய்வாளர் குழுவொன்று இத்தகைய பொதுமொழி ஒன்றை உருவாக்க முன்வந்தது. 1990இல் அதன் முதல் வரையறை வெளியானது. அதற்கு ஹாஸ்கெல் என்று பெயரிட முடிவானபோது, குழுவினர் அவரது துணைவியார் வேர்ஜீனியாவைச் சந்தித்தனர். தம் கணவருக்கு அந்தப் பெயர் பிடித்ததே இல்லை என்று விடைபெறும் வேளையில் அவர் சொன்னாராம்.

பிடிக்காத பெயர் உலகெங்கும் நிலைத்துவிட்டது. முன்னோடியின் பெயரோ பலருக்குத் தெரியாது. கறியைப் பற்றி எழுதும்போது ஷோன்ஃபிங்கெலையும் சேர்த்து எழுதுவதே நியாயம் என்று எனக்குப் படுகிறது. கறியும் அதைத்தான் செய்தார்.