யானைக்கவுனி கடக்கும் குடைகளும் மணலி முத்துக்கிருஷ்ண முதலியாரும்

ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

புரட்டாசி ப்ரஹ்மோத்ஸவத்தை முன்னிட்டு, திருவேங்கடமுடையானுக்கு ஸமர்ப்பிக்கவேண்டிய திருக்குடைகள் சென்னை பூக்கடையில் உள்ள ஸ்ரீ சென்னகேசவப் பெருமாள் திருக்கோயிலிலிருந்து புறப்படுகின்றன. மாலை 4 மணியளவில் அவை யானைக்கவுனியைக் கடக்கும் காட்சியைக் காண அடியார் திரள் கூடுகிறது. பின் அயனாவரம், வில்லிவாக்கம், திருவள்ளூர் வழியாகச் சென்று, திருச்சானூரில் தாயாருக்கும் திருமலையில் பெருமாளுக்கும் அவை ஸமர்ப்பிக்கப்படுகின்றன. கருடஸேவைக்கு முன் குடைகள் சென்று சேரவேண்டும் என்பது மரபு.

ஆதிசேஷன் எம்பெருமானுக்குச் செய்யும் பல கைங்கர்யங்களில் குடையாவதும் ஒன்று என்று பொய்கையாழ்வார் முதல் திருவந்தாதியில் அருளிச்செய்ததை நாம் அறிவோம். குடை பிடிப்பவன் தன்னை மறைத்துக்கொண்டு பிறரை நிழலில் வைக்கிறான். இக்குடைகள் புறப்படும் திருக்கோயில் இன்று அவ்விடத்தில் நிற்பதற்குக் காரணராயிருந்து, பின் நம் நினைவிலிருந்து மறைந்துபோன ஒருவரை இவ்விதழில் அநுபவிப்போம். அவரே மணலி முத்துக்கிருஷ்ண முதலியார்.

வடசென்னையில் திருவொற்றியூருக்கு அருகிலுள்ள மணலியே அவருடைய குடும்பத்தின் ஊர். அவர் பதினெட்டாம் நூற்றாண்டில், கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னை கவர்னராயிருந்த பிகட் துரையிடம் துபாஷியாக இருந்தார். துபாஷி என்பவர் இருமொழி அறிந்தவர். வெள்ளையருக்கும் ஊராருக்கும் இடையே நின்று, வாணிபத்தையும் வழக்கையும் கொடுக்கல் வாங்கலையும் நடத்தித் தருபவர். அப்பதவியில் செல்வமும் செல்வாக்கும் சேர்ந்தன, பழியும் சேர்வதுண்டு. முதலியார் சேர்த்த செல்வமும் கம்பெனியின் நிழலில் சேர்ந்ததே என்பதை நாம் மறைக்கவேண்டியதில்லை. அது எங்கே சென்று சேர்ந்தது என்பதே நாம் காணவேண்டுவது.

பழைய சென்னகேசவப் பெருமாள் கோயில், இன்று உயர்நீதிமன்றம் நிற்கும் நிலப்பகுதியில், கோட்டைக்கு வடக்கே இருந்த பழைய கறுப்பர் பட்டணத்தில் இருந்தது. கம்பெனியார் இங்கு குடியேறிய சில ஆண்டுகளிலேயே எழுந்த கோயில் அது. பட்டணம் கோயில் என்றே ஊரார் அதனை வழங்கினர். 1746-இல் பிரெஞ்சுக்காரர் சென்னையைப் பிடித்தனர். 1749-இல் அது ஆங்கிலேயரிடம் திரும்பியது. மீண்டும் போர் மூளும் என்ற அச்சத்தில், கோட்டையைச் சுற்றிப் பகைவர் ஒளிந்துகொள்ள இடமின்றித் திறந்தவெளியாக்க ஆங்கிலேயர் முனைந்தனர். அம்முனைப்பில் 1757-இல் திருக்கோயில் இடிக்கப்பட்டது. மறுவருஷமே லாலி என்னும் பிரெஞ்சுத் தளபதி கோட்டையை முற்றுகையிட்டான்.

ஊர் பெருமாளை இழந்து தவித்தது. கோயிலை இடித்தவர்களிடமே முதலியார் ஊழியம் செய்துவந்தார். அவர் வாளாவிருந்திருந்தால் அவரைக் கேட்பார் எவருமில்லை. கேட்டால் எஜமானின் முகம் கோணும் என்ற அச்சமும் இயல்பே. ஆயினும் அவர் அந்த நெருக்கத்தையே கருவியாகக் கொண்டார். இழந்த நிலத்துக்கு ஈடாக வேறு நிலம் கம்பெனியிடமிருந்து கிடைத்தது. கம்பெனி சிறிது பொருளும் அளித்தது. முதலியார் தம் கைப்பொருளைப் பெருமளவில் இட்டார். ஊராரும் இயன்றதை அளித்தனர். 1762-இல் தொடங்கிய திருப்பணி, 1780-ஆம் ஆண்டளவில் நிறைவெய்தியது. சென்னகேசவப் பெருமாளுக்கும் சென்னமல்லீச்வரருக்கும் அடுத்தடுத்து இரண்டு கோயில்கள் எழுந்தன. தேவராஜ முதலி தெருவில் இன்றும் நாம் ஸேவிப்பது அக்கோயிலையே.

அவர் தமிழுக்கும் இசைக்கும் புரவலராய் விளங்கினார். சீர்காழி அருணாசலக் கவிராயர் (1711–1779) ஸ்ரீராமாயணத்தைக் கீர்த்தனைகளாக இயற்றி, திருவரங்கத்தில் அரங்கேற்றினார். அரங்கன் இசைவு வேண்டிக் காத்திருந்து, அவன் பரிவாரங்களையும் பாடிய பின்னரே அரங்கேற்றம் நிகழ்ந்தது என்று பெரியோர் சொல்வர். சட்டநாதபுரம் கோதண்டராமய்யரும் வெங்கடராமய்யரும் அக்கீர்த்தனைகளுக்கு இசை கூட்டிய சீடர்கள். பின்னர் கவிராயர் சென்னைக்கு வந்தபோது, முத்துக்கிருஷ்ண முதலியார் ராமநாடகத்தைக் கேட்டு உருகி, கனகாபிஷேகம் செய்து கௌரவித்தார் என்பது வழிவழி வரும் செய்தி. திருவரங்கத்தில் பிறந்த ராமகதைக் கீர்த்தனைகள் கடற்கரைப் பட்டணத்தில் வேரூன்றியதில் அவருக்குப் பங்குண்டு.

திருவாரூரில் இருந்த ராமஸ்வாமி தீக்ஷிதரையும் மணலிக்கு வரவழைத்து ஆதரித்தவர் அவரே. அவருக்குப் பின் குமாரர் வேங்கடகிருஷ்ண முதலியார் அவ்வாதரவைத் தொடர்ந்தார். தீக்ஷிதரின் திருக்குமாரர் முத்துஸ்வாமி தீக்ஷிதர் இளமையில் மணலியில் வளர்ந்தார். அக்குடும்பத்தின் தொடர்பால் கோட்டையில் ஐரோப்பியரின் வாத்திய இசையையும் கேட்டார். அந்த மெட்டுகளிலே தெய்வங்களைப் பாடிய நோட்டுஸ்வர ஸாஹித்யங்கள் அக்கேள்வியின் பயன். கோயிலை இழப்பித்த கோட்டையின் ஓசையும் இறுதியில் தெய்வத்துக்கே ஆயிற்று என்று நாம் கொள்ளலாம்.

அதே காலத்தில் கம்பெனியார் புதிய பட்டணத்தின் வடக்கிலும் மேற்கிலும் பெருமதில் எழுப்பினர். மேற்கு மதிலின் வாயில்களுள் ஒன்று யானைக்கவுனி. கவுனி என்றால் வாயில். வால்டாக்ஸ் சாலை என்னும் பெயர் அம்மதிலுக்கென நினைத்த வரியைக் காட்டுகிறது. பகைவரைத் தடுக்கக் கட்டிய அம்மதில் பெரும்பாலும் அழிந்துபோயிற்று. வாயிலும் பெயரளவில் நிற்கிறது. இடிக்கப்பட்ட கோயிலோ மீண்டும் எழுந்து, ஆண்டுதோறும் அவ்வழியே குடைகளை அனுப்புகிறது. காவலுக்கென்று கட்டியது நில்லாமல், கைங்கர்யமாகக் கட்டியது நிற்பதை நாம் கண்கூடாகக் காண்கிறோம்.

செல்வம் எவ்வழியில் வந்தாலும் தகும் என்று சொல்வது நம் கருத்தன்று. அரசருகே நிற்கும் வாய்ப்புப் பெற்றவன் அதைத் தனக்கென்று செலவிடாமல், எம்பெருமானுக்கும் அடியார்க்கும் பயன்படுத்தவேண்டும் என்பதே அவர் சரிதையில் நாம் கற்பது. வெளிநாடுகளில் பெரும்பதவிகளில் இருக்கும் அடியார்களுக்கு இது மிகவும் பொருந்தும்.

வருகிற புரட்டாசியில் யானைக்கவுனியில் நின்று குடைகளை ஸேவிக்கும் பாக்யம் கிட்டியவர்களும், தொலைவிலிருந்து திரையில் காண்பவர்களும், கோவிந்த நாமத்தை முழங்கும்போது முத்துக்கிருஷ்ண முதலியாரையும் ஒருமுறை நினைப்போமாக.

ஆழ்வார் எம்பெருமானார் ஜீயர் திருவடிகளே சரணம்.