தங்கையின் நோயில் பிறந்த வைத்தியசாலை
டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி (1886–1968)

நம் சங்கம் நூற்றாண்டு காணும் இவ்வேளையில், பெண் கல்வியால் ஊருக்கு என்ன பயன் என்ற பழைய கேள்விக்கு விடையாக ஒரு தமிழ்ப் பெண்ணின் வாழ்வை நினைவுகூர்வது பொருத்தமானது. தேவதாசி முறையை ஒழிக்கப் போராடியவர் என்று அவரைப் பாடப்புத்தகங்களில் படித்திருக்கிறோம். அவர் வாழ்வின் மற்றொரு பாதி புற்றுநோயோடு நடத்திய போராட்டம். இன்று நம் வீடுகளைத் தொடுவது அந்தப் பாதிதான்.

முத்துலட்சுமி 1886 யூலை 30ஆம் திகதி புதுக்கோட்டையில் பிறந்தார். தந்தை நாராயணசாமி ஐயர் அவ்வூர் மகாராஜா கல்லூரியின் அதிபராக இருந்தவர். தாய் சந்திரம்மாள் இசை வேளாளர் குலத்தவர். பூப்பெய்திய பெண் பிள்ளையைப் பள்ளியால் நிறுத்திவிடும் காலம் அது. மகளின் படிப்பார்வத்தைக் கண்ட தந்தை அவரை வீட்டில் வைத்தே கற்பித்தார். பின்னர் ஆண்கள் மட்டுமே பயின்ற மகாராஜா கல்லூரியில் இடம் கேட்டபோது எதிர்ப்பு எழுந்தது. புதுக்கோட்டை மன்னரின் அனுமதியாலேயே அவருக்குக் கதவு திறந்தது.

1907இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். 1912இல் பரிசுகளோடும் பதக்கங்களோடும் வைத்தியராக வெளிவந்தார். 1914இல் டாக்டர் சுந்தர ரெட்டியை மணந்தார். தன்னைச் சமமாக மதிக்க வேண்டும், தன் விருப்பங்களுக்குக் குறுக்கே நிற்கக் கூடாது என்ற உடன்பாட்டின் மேலேயே அத்திருமணத்திற்கு இசைந்தார்.

1923இல் அவருடைய தங்கை சுந்தராம்பாள் நோயுற்றார். முதலில் அது வயிற்றுளைவு என்றே கருதப்பட்டது. புற்றுநோய் என்று தெரியவந்தபோது காலம் கடந்துவிட்டது. வைத்தியராகிய தமக்கை அருகிலிருந்தும் தங்கையைக் காக்க முடியவில்லை. அந்தத் துயரோடு அவர் ஓய்ந்துவிடவில்லை. 1925இல் இங்கிலாந்து சென்று பெண்கள், குழந்தைகள் நோய்கள் பற்றி உயர்கல்வி பெற்றபோது, லண்டனின் புற்றுநோய் வைத்தியசாலைக்கும் சென்று அங்கு நடந்த சிகிச்சையைக் கற்றார். அப்படியொன்று சென்னையிலும் வேண்டும் என்ற எண்ணம் அங்கே உறுதியானது.

தாயகம் திரும்பியவரைப் பொதுவாழ்வு அழைத்தது. சென்னை சட்டசபையில் உறுப்பினராகி அதன் துணைத்தலைவராகவும் தெரிவானார். பிரித்தானிய இந்தியாவில் சட்டசபை உறுப்பினரான முதற் பெண் அவரே. 1930இல் காந்தியடிகள் கைதானதைக் கண்டித்துப் பதவியைத் துறந்தார். போக்கிடமற்ற பெண் பிள்ளைகளுக்காக ஔவை இல்லத்தை நிறுவினார். தேவதாசி முறையை ஒழிக்கும் சட்டம் 1947இல் நிறைவேறியது.

இத்தனைக்கும் நடுவே தங்கையின் நினைவு அவரை விடவில்லை. 1935இல் சென்னை மருத்துவக் கல்லூரியின் நூற்றாண்டு விழாவில், புற்றுநோய்க்கென்று தனி வைத்தியசாலை வேண்டும் என்று கேட்டார். கேட்ட உதவி எளிதில் கிடைக்கவில்லை. புற்றுநோயாளர் எப்படியும் இறப்பவர்கள், அவர்களுக்கு ஏன் தனி வைத்தியசாலை என்பதே அன்று அதிகாரத்தில் இருந்தோரின் எண்ணமாக இருந்தது. 1949இல் இந்திய மாதர் சங்கத்தின் ஆதரவில் புற்றுநோய் நிவாரண நிதியைத் தொடங்கிப் பொதுமக்களிடம் கையேந்தினார். 1952இல் பிரதமர் நேரு அடிக்கல் நாட்டினார். 1954 யூன் 18ஆம் திகதி அடையாற்றில் 12 கட்டில்களோடு வைத்தியசாலை திறக்கப்பட்டது. அப்போது முத்துலட்சுமிக்கு வயது 67.

மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தி அதன் பொறுப்பை ஏற்றார். 1955இல் டாக்டர் வி. சாந்தா, கிடைத்திருந்த அரச பதவியை விட்டுவிட்டு வந்து சேர்ந்தார். முதல் மூன்று ஆண்டுகள் சம்பளமின்றியே உழைத்தார். பணம் உள்ளவரிடம் வாங்கி இல்லாதவருக்குச் சிகிச்சை அளிப்பதே அவ்விடத்தின் வழக்கமாயிற்று. 1956இல் பத்மபூஷண் விருது பெற்ற முத்துலட்சுமி, 1968 யூலை 22ஆம் திகதி மறைந்தார். அவர் தொடங்கிய பணியை டாக்டர் சாந்தா 2021இல் தாம் மறையும் வரை தொடர்ந்தார்.

வாவிக்கரையில் வளர்ந்த நமக்கு இவ்வாழ்வு எதைச் சொல்கிறது?

நம் நாட்டில் அரச வைத்தியசாலைச் சிகிச்சை இலவசம். முன்பு இங்கிருந்து சுமார் 300 கிலோமீற்றர் தாண்டி மகரகமைக்கே போக வேண்டியிருந்தது. இன்று மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையிலேயே புற்றுநோய்ப் பிரிவு இயங்குகிறது. ஆயினும் நோயாளியின் செலவு மருந்தோடு முடிவதில்லை. வெளியில் எடுக்கச் சொல்லும் ஸ்கான், கையிருப்பில் இல்லாத மருந்து, பயணம், துணைக்கு வருபவரின் தங்குமிடம், இழந்த நாட்சம்பளம் என அது நீளும். கீமோ மருந்தோ மூன்று வாரத்துக்கு ஒருமுறை என்று பல மாதங்கள் தொடரக்கூடியது. அந்நாட்களில் வெள்ளணுக்கள் குறைவதால், காய்ச்சல் கண்டால் விடியும்வரை காத்திராமல் உடனே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். நள்ளிரவில் ஓட்டோ பிடிக்கக் காசில்லாத வீட்டில் இதுவும் பணப் பிரச்சினைதான்.

காப்புறுதி இருந்தாலும் கவலை தீர்வதில்லை. பத்திரம் எடுக்கும் முன்பே இருந்த நோய் என்று சொல்லிக் கோரிக்கையை மறுப்பதுண்டு; ஆண்டுக்கு இவ்வளவுதான் என்ற வரம்பும் உண்டு. ஆகவே நலமாக இருக்கும்போதே பத்திரத்தின் நிபந்தனைகளைப் படித்துப் பார்ப்பது நல்லது. ஆசிரியைகளும் மற்ற அரச ஊழியரும் அக்ரஹாரா காப்புறுதியில் தமக்குரியதை அறிந்து வைத்திருக்க வேண்டும். வசதி குறைந்தோர் ஜனாதிபதி நிதியத்துக்கு விண்ணப்பிக்கலாம். நோய் நிர்ணய அட்டை, பரிசோதனை அறிக்கை, பற்றுச்சீட்டு யாவற்றையும் முதல் நாளிலிருந்தே ஒரே கோப்பில் சேர்த்து, பிரதியும் எடுத்து வைத்தால் பிற்பாடு அலைச்சல் குறையும்.

இந்தப் படிவங்களை நிரப்பத் தெரிந்தவர்களும், வார்ட்டில் பணியாற்றுபவர்களும், வங்கியிலும் கச்சேரியிலும் இருப்பவர்களும், தலைநகரிலும் தூர தேசங்களிலும் வீடுள்ளவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். ஒரு சகோதரிக்கு நோய் வந்தால் அவளுக்குத் துணையாகப் போகவும், பயணச் செலவைக் கொடுக்கவும், கோப்பை ஒழுங்கு செய்யவும் சங்கத்தில் சிலர் பொறுப்பெடுத்தால் போதும். முத்துலட்சுமி அம்மையார் 12 கட்டில்களோடு தொடங்கினார். நாம் ஒரு சிறு நிதியோடும், கூப்பிட்டால் எடுக்கும் ஒரு தொலைபேசி இலக்கத்தோடும் தொடங்கலாம். நூற்றாண்டின் நினைவாக அதைச் செய்வோமானால், அடுத்த தலைமுறை மாணவிகள் இம்மலரைப் புரட்டும்போது நம்மை நன்றியோடு நினைப்பார்கள்.