கணக்குக் கேட்டவர், கணக்குக் கொடுத்தவர்

நாட்டைக் காக்க ஏந்திய வாளே மக்களை அச்சுறுத்தத் தொடங்கினால் அதனைத் தட்டிக்கேட்பவர் யார்? அரசியல் அறிஞர்கள் இன்றும் விடைதேடும் இவ்வினாவிற்கு ஏழாம் நூற்றாண்டிலேயே தம் ஆட்சியால் விடைகாண முயன்றவர், இரண்டாம் கலீபா உமர் இப்னுல் கத்தாப் (ரலி) அவர்கள்.

மக்கத்துக் குறைஷிக் குலத்தில் தோன்றிய உமர் (ரலி), முதலில் இஸ்லாத்தைக் கடுமையாக எதிர்த்துப் பின்னர் அதன் பெருந்தூணாக விளங்கினார். கி.பி. 634இல் கலீபாப் பொறுப்பை ஏற்றார். பத்தாண்டுகளுக்குள் சிரியா, ஈராக், எகிப்து ஆகிய நிலப்பகுதிகள் அவராட்சியின்கீழ் வந்தன. பஸ்ரா, கூபா, புஸ்தாத் எனும் படைநகர்கள் எழுந்தன. தலைநகராம் மதீனாவிலிருந்து பல நாள் பயணத் தொலைவில், படையும் கருவூலமும் ஒருவர் கையிலேயே சேருமாயின் விளைவு என்னாகும் என்பதை அவர் நன்குணர்ந்திருந்தார்.

ஆகவே ஆளுநராக அமர்த்தப்படுவோரின் உடைமைகளை முன்னரே எழுதிவைத்தார். காரணமின்றிப் பெருகிய செல்வத்தில் ஒரு பங்கைப் பொதுக் கருவூலத்தில் சேர்த்தார். முறையீடுகளை நேரில் ஆராய முஹம்மத் இப்னு மஸ்லமா (ரலி) அவர்களை அனுப்பினார். ஹஜ்ஜுக் காலத்தில் ஆளுநர்களை வரவழைத்து, மக்கள் தம் குறைகளை அவர்கள் முன்னிலையிலேயே கூற வழிசெய்தார். கூபாவில் ஆட்சியை அம்மார் (ரலி) அவர்களிடமும், கருவூலத்தை இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்களிடமும் பிரித்தளித்தார். படைவீரர்க்குரிய உதவித்தொகையைத் 'திவான்' எனும் பதிவேட்டில் ஏற்றினார்.

இவற்றுள் நம் நெஞ்சைத் தொடுவது காலித் இப்னு வலீத் (ரலி) அவர்களின் பதவி நீக்கம். தோல்வியறியாத அத்தளபதி ஒருவருக்குப் பத்தாயிரம் திர்ஹம் பரிசளித்த செய்தி எட்டியதும், அப்பணம் எவருடையது எனப் பலரறிய வினவச் செய்தார் கலீபா. அது தம் சொந்தப் பணமே எனக் காலித் (ரலி) விடையளித்தார். ஆயினும் 638இல் அவர் நீக்கப்பட்டார். அத்தோடு கலீபா நின்றுவிடவில்லை. நீக்கத்திற்குக் காரணம் சினமோ, நம்பிக்கைத் துரோகமோ அன்று. மக்கள் வெற்றியை இறைவனிடமன்றி ஒரு மனிதரிடம் காணத் தொடங்கியதே என்று எல்லாப் பகுதிகளுக்கும் எழுதியறிவித்தார். வீரரின் புகழும் காக்கப்பட்டது. ஆட்சியின் முடிவும் விளக்கப்பட்டது.

பிறரைக் கேட்டவர் தம்மைக் கேட்கவும் இடமளித்தார். பொதுப் பங்கீட்டில் கிடைத்த துணி அவர் உடைக்கு எவ்வாறு போதியதாயிற்று என ஒருவர் அவையில் வினவ, மகனார் தம் பங்கையும் தந்தைக்கு ஈந்ததைச் சான்றுடன் விளக்கிய பின்னரே கலீபா உரையைத் தொடர்ந்தார் என்பர்.

644இல் வைகறைத் தொழுகையின்போது கத்திக்குத்துக்கு ஆளானார். மரணப் படுக்கையிலும் தம் கடனைக் கணக்கிடச் சொன்னார்; எண்பத்தாறாயிரம் அளவில் இருந்த அக்கடனைத் தம் குடும்பச் சொத்திலிருந்து அடைக்குமாறு மகனாரைப் பணித்தார்.

எனினும் அவர் மறைந்து பன்னிரண்டே ஆண்டுகளில், அப்படைநகர்களிலிருந்து எழுந்த முறையீடுகள் பெருங்கலகமாக மூண்டு, அடுத்த கலீபாவின் உயிரையே குடித்தன. ஒருவரது விழிப்பை மட்டுமே நம்பி நிற்கும் முறை அவரோடு தளர்ந்துவிடும். கணக்குக் கேட்பது அமைப்பின் இயல்பாகவும் மக்களின் பழக்கமாகவும் வேரூன்ற வேண்டும். அவ்வாழ்விலிருந்தும் அதன் பின்விளைவிலிருந்தும் நாம் பெறும் பாடம் இதுவே.