துருவை வென்ற தொழிலாளி மகன்



உங்கள் வீட்டு எவர்சில்வர் தூக்கைக் கொஞ்சம் கையில் எடுத்துப் பாருங்கள். புளிக்குழம்பு ஊற்றுகிறோம், மோர் ஊற்றுகிறோம், தினமும் தேய்த்துக் கழுவுகிறோம். பத்து வருஷமானாலும் அது பளபளவென்றுதான் இருக்கிறது. ஆனால் மண்வெட்டியை இரண்டு நாள் மழையில் போட்டுவிட்டால் போதும், செம்மண் பூசியது போலத் துருப் பிடித்துவிடும். இரண்டிலும் பெரும்பங்கு இரும்புதான். பிறகு ஏன் இந்த வேற்றுமை? இதற்கு விடை தேடப் போனால், ஓர் ஏழைத் தொழிலாளியின் மகனைச் சந்திக்க வேண்டியிருக்கும். அவர் பெயர் ஹாரி பிரியர்லி.

1871ஆம் ஆண்டு பிப்ரவரி 18ஆம் நாள் இங்கிலாந்திலுள்ள ஷெஃபீல்டு நகரில் அவர் பிறந்தார். கத்திக்கும் உருக்குக்கும் பேர்போன ஊர் அது. தந்தை உருக்காலையில் உலை முன்னால் நின்று உருக்கு காய்ச்சும் தொழிலாளி. வீடோ சின்னது, பிள்ளைகளோ பலர். இந்த நிலையில் மேல்படிப்புக்கு எங்கே போவது? 12 வயதில் பள்ளிக்கூடத்தை விட்டு, தாமஸ் ஃபர்த் என்னும் உருக்கு நிறுவனத்தில் ஹாரி வேலைக்குச் சேர்ந்தார். ஆய்வுக்கூடத்தில் புட்டி கழுவுவதுதான் வேலை.

புட்டி கழுவிய பையன் அதோடு நின்றுவிட்டானா? இல்லை! அங்கே தலைமை இரசாயனராக இருந்த ஜேம்ஸ் டெய்லர் பையனின் ஆர்வத்தைக் கண்டு, படி படி என்று தூண்டினார். பகலெல்லாம் வேலை, இரவில் வகுப்பு. இப்படியே கணக்கும் இரசாயனமும் கற்று, உருக்கைப் பகுத்து ஆராய்வதில் கைதேர்ந்தவராகி, நூல்களும் எழுதினார். அப்போது ரஷ்யப் பேரரசில் இருந்த ரீகா நகருக்குப் போய் ஓர் உருக்காலையில் சில ஆண்டுகள் பணியாற்றினார். 1908இல் ஷெஃபீல்டின் இரண்டு பெரிய நிறுவனங்கள் சேர்ந்து ஓர் ஆராய்ச்சிக்கூடம் அமைத்தபோது, அதற்குத் தலைவராக அமர்ந்தவர் இந்தப் பழைய புட்டி கழுவும் பையன்தான்.

1912இல் துப்பாக்கி செய்பவர்கள் ஒரு குறையோடு அவரிடம் வந்தார்கள். சுடச்சுடத் துப்பாக்கிக் குழாயின் உட்புறம் சூட்டினால் அரித்துப் போகிறது, என்ன செய்யலாம் என்று கேட்டார்கள். குரோமியம் என்ற உலோகத்தை உருக்கில் பல அளவுகளில் கலந்து பார்த்தார் பிரியர்லி. 1913ஆம் ஆண்டு ஆகஸ்டு 13ஆம் நாள் வார்த்த உருக்கில் 100க்கு 12.8 பங்கு குரோமியம் இருந்தது. உருக்கின் உள்ளமைப்பை நுண்பெருக்கியில் பார்க்க வேண்டுமானால், முதலில் அமிலம் தடவி மேற்பரப்பை அரிக்க விடுவது வழக்கம். இந்த உருக்கை அமிலம் தொடவே இல்லை! வினிகரையும் எலுமிச்சைச் சாற்றையும் வைத்துப் பார்த்தார். அப்போதும் கறை படியவில்லை. துப்பாக்கியை மறந்தார், சாப்பாட்டு மேசைக் கத்தியை நினைத்தார். ஷெஃபீல்டுக்காரர் அல்லவா!

இதன் சூட்சுமத்தைக் கேளுங்கள். காற்றிலுள்ள பிராணவாயுவும் ஈரமும் இரும்போடு சேர்ந்தால் துரு உண்டாகிறது. துரு பொருபொருவென்று உதிரும், அதன் இடுக்குகளில் தண்ணீர் உள்ளே போகும், உள்ளேயும் அரிக்கும். குரோமியமும் பிராணவாயுவோடு சேரத்தான் செய்கிறது, அதுவும் இரும்பைவிட வேகமாக. ஆனால் அப்படி உண்டாகும் குரோமியம் ஆக்சைடு உதிராமல், இடைவெளியில்லாமல், உலோகத்தின்மேல் தோல் போல ஒட்டிக்கொள்கிறது. ஒருமுறை மூடிக்கொண்டால் வெளியே உள்ள பிராணவாயு உள்ளே போக வழியில்லை. ஆகவே தோல் வளர்வதும் நின்றுவிடுகிறது. ஒரு தாளின் கனத்தில் பல்லாயிரத்தில் ஒரு பங்குதான் இதன் கனம். அதனால் கண்ணுக்குத் தெரியாது. கரண்டி பட்டுக் கீறினாலும் கவலையில்லை. கீறிய இடத்தில் காற்றுப் பட்டதும் புதுத்தோல் தானே மூடிவிடும். இதற்கு 100க்கு சுமார் 10½ பங்காவது குரோமியம் வேண்டும். குறைந்தால் தோல் முழுமையாக மூடாது. உப்பு இதற்கு ஓர் எதிரி. உப்புத் தண்ணீரை நாள்கணக்கில் தேக்கி வைத்தால் தோலை ஊடுருவிப் புள்ளிப் புள்ளியாகக் குழி விழச் செய்யும். தாய்மார்கள் கவனிக்க!

கண்டுபிடித்தவருக்கு உடனே மாலை விழுந்ததா? அதுதான் இல்லை. கத்தி செய்பவர்கள் முதலில் இந்த உருக்கு அடிக்கவும் தீட்டவும் ஆகாதென்று கைவிரித்தார்கள். எர்னஸ்ட் ஸ்டூவர்ட் என்ற கத்தித் தொழில் மேலாளர்தான் பொறுமையாக முயன்று நல்ல கத்திகளைச் செய்து காட்டினார். நிறுவனமோ கண்டுபிடிப்பு முழுவதும் தனக்கே சொந்தம் என்றது. தம் உழைப்புக்குரிய பங்கைப் பிரியர்லி கேட்டார். கிடைக்காதபோது, தலைவர் பதவியையே உதறிவிட்டு வேறு ஆலைக்குப் போனார். 1916இல் அமெரிக்காவில் அவர் பெயரில் காப்புரிமை கிடைத்தது. அதன் பிறகுதான் பழைய நிறுவனம் அவரோடு உடன்பாட்டுக்கு வந்தது.

ஒன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அதே காலத்தில் ஜெர்மனியிலும் அமெரிக்காவிலும் வேறு அறிஞர்களும் இத்தகைய உருக்கைக் கண்டிருந்தார்கள். சில பாத்திரங்களின் அடியில் 18/8 என்று பொறித்திருக்கும். 18 பங்கு குரோமியமும் 8 பங்கு நிக்கலும் சேர்ந்த அந்த வகை பிரியர்லிக்குப் பின் வந்தவர்கள் வளர்த்தது. ஆனாலும் துருப்பிடிக்காத உருக்கை ஏழை எளியவர் கைக்கும் வரக்கூடிய கத்தியாக முதலில் எண்ணிப் பார்த்தவர் அவர்தான்.

1920இல் உருக்குத் துறையின் பெரும் சிறப்பான பெஸ்ஸமர் தங்கப் பதக்கம் அவருக்கு வழங்கப்பட்டது. பணம் வந்தபோது பிறந்த இடத்தை மறக்கவில்லை. தம்மைப் போல் எளிய குடியில் பிறந்தவர்களுக்குக் கல்விக்கும் பயணத்துக்கும் உதவ 1941இல் ஓர் அறக்கட்டளை நிறுவினார். 1948ஆம் ஆண்டு ஜூலை 14ஆம் நாள் காலமானார்.

பெற்றோர்களே, 12 வயதில் பள்ளியை விட்டதால் பிரியர்லி உயரவில்லை; விட்ட படிப்பை இரவிலே பிடித்துக்கொண்டதால் உயர்ந்தார். அவருக்குக் கிடைக்காத பள்ளிக்கூடம் நம் பிள்ளைகளுக்கு வாசலிலேயே இருக்கிறது. ஒரு நாளும் தவறாமல் அனுப்பி வையுங்கள். மாணவர்களே, வறுமை உங்களைக் கீறலாம். கல்வி என்ற தோல் மூடியிருந்தால் அந்தக் கீறல் ஆறிவிடும். மனத்தில் துரு ஏறாது.