பட்டம் வாங்காத ராக்கெட்காரர்

லேப்பில் பியூரெட் கழுவியே அலுத்துப்போன அன்பு நண்பர்களே! டிப்ளமோதானே என்று நம்மைச் சொந்தக்காரர்களே சில சமயம் இளக்காரமாகப் பார்க்கிறார்கள், இல்லையா? இந்த ஆளின் கதையைக் கொஞ்சம் கேளுங்கள்.

பெயர் ஜாக் பார்சன்ஸ். 1914-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் தேதி அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸ் நகரில் பிறந்தார். வளர்ந்தது பக்கத்து ஊரான பாசடேனாவில். பள்ளியில் அவருக்குக் கிடைத்த நண்பர் எட் ஃபோர்மன். இரண்டு பேருக்கும் விண்வெளிக் கதைப் புத்தகங்கள் என்றால் உயிர். படித்ததோடு விட்டார்களா? வீட்டுக் கொல்லையில் வெடிமருந்து அடைத்து ராக்கெட் விட ஆரம்பித்துவிட்டார்கள்!

கல்லூரிப் படிப்பைத் தொடர பார்சன்ஸிடம் காசில்லை. வெடிமருந்துக் கம்பெனியில் வேலைக்குப் போனார். எந்த ரசாயனம் எப்படி எரியும் என்பதை அங்கே கைப்பழக்கமாகவே கற்றுக்கொண்டார்.

கால்டெக் என்னும் பெரிய தொழில்நுட்பக் கல்லூரியில் ஃபிராங்க் மலினா என்ற ஆராய்ச்சி மாணவரோடு நட்பு ஏற்பட்டது. மலினாவுக்குக் கணக்கு, ஃபோர்மனுக்கு மெஷின் வேலை, பார்சன்ஸுக்கு ரசாயனம். நம்ம பாஷையில் சொன்னால், மூன்று டிபார்ட்மெண்ட் சேர்ந்த ஒரு புராஜெக்ட்! பேராசிரியர் வான் கார்மன் இவர்களை நம்பி இடம் கொடுத்தார்.

1936 அக்டோபர் 31. ஊருக்கு வெளியே, மழைக்கு மட்டும் தண்ணீர் ஓடும் அரோயோ செக்கோ ஆற்றுப்படுகை. மெத்தில் ஆல்கஹாலையும் ஆக்சிஜனையும் சேர்த்து எரிக்கும் சின்ன மோட்டாரை நிறுத்தி, மணல் மூட்டைகளை அடுக்கினார்கள். பற்றவைத்தால் அணைகிறது. மறுபடியும் அணைகிறது. கடைசி முயற்சியில் ஆக்சிஜன் குழாயே தீப்பிடித்து, பாம்பு மாதிரி தரையில் துள்ளித் தீயைக் கக்கியது. எல்லோரும் எடுத்தார்கள் ஓட்டம்!

அதோடு மூட்டை கட்டிவிடவில்லை. 1937 ஜனவரி 16 அன்று அதே இடத்தில் மோட்டார் 44 விநாடி எரிந்தது. கல்லூரிக்குள் நடந்த சோதனைகளிலும் விபத்துகள் வர, இவர்களுக்கு 'தற்கொலைப் படை' என்று பட்டப்பெயரே வந்துவிட்டது.

பார்சன்ஸின் பெரிய சாதனை 1942-இல். விமானம் சீக்கிரம் மேலெழும்ப உதவும் ராக்கெட்டுகளில் அப்போது வெடிமருந்தை இடித்து அடைப்பார்கள். சில நாள் வைத்திருந்தால் மருந்தில் விரிசல் விழும். விரிசலுக்குள் தீ புகுந்தால் எரியும் பரப்பு கூடும், அழுத்தம் எகிறும், மோட்டார் வெடிக்கும். இதற்கு அவர் கண்ட வழி என்ன தெரியுமா? ரோட்டுக்குப் போடும் தார்! தாரை உருக்கி, பொட்டாசியம் பெர்குளோரேட் கலந்து, அச்சில் ஊற்றுவதுபோல் உறைக்குள் ஊற்றினார். எரிபொருளும் அதுவே, பிடித்து வைக்கும் பசையும் அதுவே. நம் பி.எஸ்.எல்.வி.யின் முதல் அடுக்கில் தார் கிடையாது. ஆனால் கலந்து ஊற்றி இறுகவைக்கும் முறை அதே வழியில் வந்ததுதான்.

அந்த நண்பர்கள் குழுதான் ஜெட் புரொபல்ஷன் லேபரட்டரியாக வளர்ந்தது. அந்த 1936 அக்டோபர் 31-ஐத்தான் அந்நிறுவனம் தன் பிறந்த நாளாகக் கருதுகிறது. இதே நண்பர்கள் 1942-இல் வான் கார்மனோடு சேர்ந்து ஏரோஜெட் கம்பெனியையும் தொடங்கினார்கள்.

பார்சன்ஸின் பிற்கால வாழ்க்கை சோகமானது. 1944-இல் கம்பெனியை விட்டு விலகினார். பின்னாளில் ரகசியப் பணிகளுக்கான அரசு அனுமதியும் பறிபோனது. 1952 ஜூன் 17 அன்று, வீட்டிலேயே வைத்திருந்த லேப்பில் வேலை செய்துகொண்டிருந்தபோது பெரும் வெடிவிபத்து. வயது 37 தான். செய்தி கேட்ட அவர் அம்மாவும் அன்றே உயிர் துறந்தார். 1972-இல் நிலவின் மறுபக்கத்தில் ஒரு பள்ளத்துக்கு அவர் பெயர் வைத்தார்கள்.

நண்பர்களே, ஆற்றுப்படுகையில் திறந்தவெளியும், மணல் மூட்டையும், கூடவே நண்பர்களும் இருந்தார்கள். குழாய் தீப்பிடித்தும் ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. வீட்டு லேப்பில் இவை எதுவும் இல்லை. வெடிமருந்தை அவரளவுக்கு அறிந்தவர்கள் உலகத்திலேயே குறைவு. அவருக்கே இந்தக் கதி. ஆகவே ஹாஸ்டல் பின்பக்கம் 'சும்மா ஒரு டிரையல்' என்று யாராவது கூப்பிட்டால் போகாதீங்க. லேப்பில், சார் முன்னால், கண்ணாடி மாட்டிக்கொண்டு செய்யுங்கள். பட்டம் இல்லையே என்ற கவலையை மட்டும் அடியோடு விட்டுவிடுங்கள்!