தோசை முறுகலுக்குப் பெயர் தந்த டாக்டர்

தோசை ஏன் பொன்னிறமா முறுகுது என்று யோசித்திருக்கிறீர்களா? அந்த மாற்றத்துக்கு "மயார் வினை" என்று பெயர். அந்த மயாரைப் பற்றித்தான் இந்த மாசம் எழுதுகிறேன்.

லூயி கமீல் மயார் 1878 பிப்ரவரி 4 அன்று பிரான்சில் பிறந்தார். 16 வயதிலேயே நான்சி பல்கலைக்கழகத்தில் சேர்ந்துவிட்டார். என்னைவிட 2 வயசுதான் கூட! 1903-ல் டாக்டர் பட்டம் வாங்கினார். ஆனாலும் மனசு வேதியியலில்தான் இருந்தது.

அமினோ அமிலங்கள் ஒன்றோடொன்று கோத்துப் புரதம் ஆவது எப்படி என்று ஆராய்ந்தார். அப்போது அவற்றைச் சர்க்கரையோடு சேர்த்துச் சூடாக்கிப் பார்த்தார். கரைசல் மஞ்சளாகி, பழுப்பாகி, கார்பன் டை ஆக்சைடு வெளியேறியது. வேற யாராவது என்றால் கழுவிக் கொட்டியிருப்பார்கள். இவர் 1912-ல் அதையே எழுதி வெளியிட்டார். மனித உடம்பின் நோய்களுக்கும் மண்ணுக்கும்கூட இதில் தொடர்பு இருக்கும் என்று அப்பவே சொல்லிவிட்டார். எனக்கு ரொம்பப் பிடித்தது அதுதான்.

1919-ல் அல்ஜியர்ஸ் பல்கலைக்கழகத்துக்குப் பேராசிரியராகப் போனார். 1936 மே 12 அன்று பாரிசில் திடீரென இறந்தார். தான் சொன்னது எவ்வளவு பெரிய விஷயம் என்று பார்க்க அவர் இல்லை.

தோசைக்கல்லில் நிமிஷத்தில் நடப்பது நம்ம ரத்தத்தில் மெதுவாக நடக்கிறது. குளுக்கோஸ் போய் ஹீமோகுளோபினில் ஒட்டிக்கொள்கிறது. மூணு மாச சுகர் டெஸ்ட் அளப்பது இதைத்தான். சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாள், அதனால்தான் மூணு மாசக் கணக்கு. எங்க அப்பாயி டெஸ்டுக்கு முந்தின நாள் மட்டும் இனிப்பைத் தொடமாட்டாங்க. அது பலிக்காது!

செல்லும் சும்மா இருப்பதில்லை. 2000-ஆம் ஆண்டு வாக்கில் ஃபுருக்டோசமைன்-3-கைனேஸ் என்ற நொதியை விஞ்ஞானிகள் அடையாளம் கண்டார்கள். (பெயரை நாலு தடவை எழுதிப் பழகினேன்.) புரதத்தில் ஒட்டின சர்க்கரைமேல் இது ஒரு பாஸ்பேட்டை ஏற்றிவிடும். பிறகு அந்தச் சர்க்கரை நிலையா நிற்காமல் தானாகக் கழன்றுவிடும். புரதம் பழையபடி ஆகிவிடும். ஆனால் இதெல்லாம் ஆரம்பத்தில்தான். முற்றிப் பழுப்பாகிவிட்டால் நொதியால் முடியாது. அந்தப் புரதத்தைத் துண்டாக்கிவிட்டுப் புதுசு செய்ய வேண்டியதுதான்.

கண் லென்ஸின் நடுப்பகுதிக்கு அந்த வசதியும் கிடையாது. அங்கே உள்ள புரதம் நாம் பிறக்கும் முன்பே உண்டானது, ஆயுசு முழுக்க அதேதான். வயசாக ஆக லென்ஸ் மஞ்சளாவதற்கும், சர்க்கரை உள்ளவர்களுக்குக் கண்புரை சீக்கிரம் வருவதற்கும், மயார் அன்று பார்த்த பழுப்பும் ஒரு காரணம்.

– 9ஆம் வகுப்பு மாணவி